எட்டாயிரத்தில் ஒன்று



பள்ளி ஆய்வுக்கூடத்தில் தனி ஊசலைக் கட்டித் தொங்கவிட்டு, அது இருபது முறை ஆடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று நீங்கள் அளந்திருப்பீர்கள். ஊசலின் நீளமும் அலைவு நேரமும் தெரிந்தால் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டுவிடலாம். விடை 9.8 என்று வரவேண்டும். உங்களுக்கு 9.2 என்று வருகிறது. மணி அடிக்கப் பத்து நிமிடம்தான் இருக்கிறது. என்ன செய்வீர்கள்?

நான் கல்லூரியில் இருபது ஆண்டுகளாக இயற்பியல் கற்பிக்கிறவன். நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். மாணவனாக இருந்தபோது நானும் அதைத்தான் செய்தேன். பக்கத்து மேசை நண்பனின் நோட்டை எட்டிப் பார்ப்பது ஒரு வழி. 9.8-ல் தொடங்கிப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அலைவு நேரம் எவ்வளவு இருந்திருக்க வேண்டுமோ அதை எழுதிவிடுவது இன்னொரு வழி. கல்லூரியில் இதற்கு ‘குக்’ செய்வது என்று பெயர். பொருத்தமான பெயர்தான். இலையில் என்ன பண்டம் விழவேண்டும் என்று முதலிலேயே தெரிந்துவிட்டால், அதற்கேற்ற சாமான்களைப் போட்டு இறக்கிவிட வேண்டியதுதானே!

இதில் குற்றம் உங்கள்மேல் மட்டும் இல்லை. விடை புத்தகத்தில் அச்சாகியிருக்கும்போது நீங்கள் செய்வது பரிசோதனை ஆகாது, அது பயிற்சி. பயிற்சி தேவைதான். கருவியைக் கையாளவும், பிழைகளைக் கண்டுபிடிக்கவும், பொறுமையாக அளக்கவும் அது கற்றுத் தருகிறது. ஆனால், ஆசிரியருக்கே விடை தெரியாத ஒரு கேள்வியை, இன்னும் பட்டம் பெறாத ஒரு மாணவரின் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? அப்படிக் கொடுத்தவர்களையும், அதை வாங்கிக்கொண்டவரையும் பற்றி இந்த மாதம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நெசவாளியின் மகன்

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரம், 1909-ஆம் ஆண்டு. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு. நியூசிலாந்தில் பிறந்தவர், வயது 37. முந்தைய ஆண்டுதான் நோபல் பரிசு பெற்றிருந்தார். வேடிக்கை என்னவென்றால், இயற்பியல் பேராசிரியருக்குக் கிடைத்தது வேதியியல் பரிசு!

அவரிடம் உதவியாளராக இருந்தவர் ஹான்ஸ் கைகர் என்ற ஜெர்மானியர். கதிரியக்கத்தை அளக்கும் கைகர் கருவியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் கைகர்தான் இவர். வயது 26. ஆய்வுக்கூடத்துக்கு வரும் மாணவர்களுக்குக் கதிரியக்க அளவீட்டு முறைகளைச் சொல்லிக் கொடுப்பது இவருடைய பொறுப்புகளில் ஒன்று.

கைகரிடம் பயின்ற மாணவர்களில் ஒருவர் எர்னஸ்ட் மார்ஸ்டன். லங்காஷயரில் ரிஷ்டன் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். பருத்தித் துணி நெய்யும் ஒரு நெசவாளியின் மகன். உதவித்தொகை பெற்றுப் பள்ளியில் படித்துப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். வயது 20. இன்னும் பி.எஸ்சி. பட்டம் வாங்கவில்லை.

மார்ஸ்டனுக்குப் போதிய பயிற்சி ஆகிவிட்டது, அவருக்குச் சிறியதாக ஓர் ஆராய்ச்சியைக் கொடுக்கலாமே என்று கைகர் ஒரு நாள் ரூதர்ஃபோர்டிடம் கேட்டார். ரூதர்ஃபோர்டும் ஒப்புக்கொண்டார். ஆல்பாத் துகள்கள் உலோகத்தில் மோதும்போது அவற்றில் ஏதாவது பெரிய கோணத்தில் திரும்புகிறதா என்று பார்க்கட்டும் என்றார். பின்னாளில் ஒரு சொற்பொழிவில் இதை நினைவுகூர்ந்த ரூதர்ஃபோர்டு, அப்படித் திரும்பும் என்று தாம் நம்பவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

மார்ஸ்டனின் நினைவு சற்று வேறு. தாமும் கைகரும் இருட்டறையில் எண்ணிக்கொண்டிருந்தபோது ரூதர்ஃபோர்டு உள்ளே வந்து, நேராகத் தம்மைப் பார்த்து, உலோகப் பரப்பிலிருந்து துகள்கள் திரும்பி வருகின்றனவா என்று பார்க்கச் சொன்னதாக அவர் பின்னாளில் கூறினார். வருடங்கள் கழித்துச் சொல்லும்போது பெரியவர்களின் நினைவுகளும் இப்படித்தான் ஒன்றுக்கொன்று மாறுபடும். கேள்வி என்ன என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போகிறார்கள்.

இருட்டறை வேலை

அந்தக் கேள்வி ஏன் வீண்வேலை போலத் தோன்றியது? அதைத் தெரிந்துகொண்டால்தான் இந்தக் கதையின் சுவை புரியும்.

ஆல்பாத் துகள் என்பது எலெக்ட்ரானைப்போல 7,000 மடங்குக்கும் மேல் கனமானது. ரேடியம் போன்ற பொருள்களிலிருந்து நொடிக்கு 15,000 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் புறப்படுவது. அன்றைக்கு அணுவைப் பற்றி இருந்த கருத்தோ ஜே.ஜே. தாம்சனுடையது. தர்ப்பூசணிப் பழத்தின் சதையைப்போல நேர்மின்னூட்டம் அணு முழுவதும் பரவியிருக்கிறது. விதைகளைப்போல எலெக்ட்ரான்கள் அங்கங்கே பதிந்திருக்கின்றன என்பது அந்தக் கருத்து. இப்படிப் பரவலாகக் கிடக்கும் மின்னூட்டத்தால், கனமும் வேகமும் கொண்ட ஆல்பாத் துகளை என்ன செய்ய முடியும்? சற்றே அசைத்துவிடலாம். கைகர் அதற்குமுன் மெல்லிய தங்கத் தகட்டின் வழியே செலுத்திப் பார்த்தபோதும், பெரும்பாலான துகள்கள் ஒரு டிகிரி அளவில்தான் விலகின. பின்னே, திரும்பி வருமா என்று பார்ப்பதில் என்ன பொருள்?

ஆனாலும் பார்க்கச் சொன்னார்கள். மார்ஸ்டன் பார்த்தார்.

கருவி மிக எளியது. ஒரு சிறு கண்ணாடிக் குழாயில், இன்று நாம் ரேடான் என்று அழைக்கும் கதிரியக்க வாயு. குழாயின் முனை மெல்லிய மைக்கா தகட்டால் மூடப்பட்டிருந்தது. ஆல்பாத் துகள்கள் அதன் வழியே வெளிவரும். சற்றுத் தள்ளித் துத்தநாக சல்பைடு பூசிய ஒரு சிறு திரை. அதன்மேல் ஓர் ஆல்பாத் துகள் விழுந்தால் மிக மங்கலான ஓர் ஒளிப்பொறி தோன்றி மறையும். அதை ஒரு மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்து எண்ண வேண்டும். குழாய்க்கும் திரைக்கும் நடுவே கனமான ஈயத் தகடு. ஆகவே எந்தத் துகளும் நேர்வழியில் திரைக்கு வர முடியாது. கேரம் பலகையில் நேர்வழி அடைபட்டிருந்தால் ஓரக்கட்டையில் அடித்துக் காயைத் திருப்புவீர்கள் அல்லவா? அந்த ஓரக்கட்டையின் இடத்தில் ஓர் உலோகத் தகட்டை வைத்தார்கள். அதில் பட்டுத் திரும்பும் துகள் மட்டுமே திரைக்கு வர முடியும்.

எளிய கருவி, ஆனால் கடினமான வேலை. அறை முழு இருட்டாக இருக்க வேண்டும். வெளிச்சத்திலிருந்து வந்தவர் கண் இருட்டுக்குப் பழகும்வரை அரை மணி நேரமாவது சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அதன் பிறகும் தொடர்ந்து நெடுநேரம் எண்ண முடியாது, கண் களைத்துவிடும். சிறிது நேரம் எண்ணி, ஓய்வெடுத்து, மறுபடி எண்ண வேண்டும். கைகர் இந்த வேலையில் அசகாய சூரர். இடைவெளி விட்டு இரவு முழுதும் எண்ணுவாராம். தாம் இரண்டே நிமிடத்தில் திட்டிக்கொண்டே எழுந்துவிட்டதாக ரூதர்ஃபோர்டு ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நோபல் பரிசு பெற்றவரும் நம்மைப்போல மனிதர்தான் என்று அறிவதில் ஒரு திருப்தி!

இப்படி இருட்டில் உட்கார்ந்திருந்த இருபது வயது மாணவருக்குத் திரையில் ஒளிப்பொறிகள் தெரிந்தன.

பேராசிரியர் ‘வராது’ என்று நினைத்தது வந்துவிட்டது. உங்களுக்கு 9.2 வந்த நிலைமை இதுதான் என்பதைக் கவனியுங்கள். கருவி கெட்டிருக்கலாம். ஈயத் தகட்டைச் சுற்றித் துகள்கள் கசிந்திருக்கலாம். கண்ணே ஏமாற்றியிருக்கலாம். மார்ஸ்டனும் கைகரும் என்ன செய்தார்கள் என்பது அவர்கள் 1909-ல் வெளியிட்ட கட்டுரையில் இருக்கிறது.

உலோகத் தகட்டை எடுத்தால் ஒளிப்பொறிகள் போகின்றனவா, வைத்தால் வருகின்றனவா என்று பார்த்தார்கள். அடுத்து, துகள்கள் தகட்டின் மேற்பரப்பில் மட்டும்தான் மோதித் திரும்புகின்றனவா, உள்ளே புகுந்தும் திரும்புகின்றனவா என்ற கேள்வி வந்தது. அதற்கு அவர்கள் செய்த உபாயம் அழகானது. தஞ்சாவூர் ஓவியங்களில் ஒட்டுவார்களே, அதுபோன்ற மிக மெல்லிய தங்கத் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனார்கள். மேற்பரப்பு மட்டும்தான் காரணம் என்றால் ஒரு தாள் போதும். மேலும் அடுக்குவதால் எண்ணிக்கை மாறக்கூடாது. ஆனால் தாள்கள் கூடக்கூட எண்ணிக்கையும் கூடியது. ஓரளவுக்குப் பிறகுதான் நின்றது. ஆகவே துகள்கள் உலோகத்தின் உள்ளே சென்றும் திரும்புகின்றன!

பிறகு எட்டு உலோகங்களை மாற்றி மாற்றி வைத்து, ஒரு நிமிடத்துக்கு எத்தனை ஒளிப்பொறிகள் என்று எண்ணினார்கள். அலுமினியம் 3.4. இரும்பு 10.2. செம்பு 14.5. வெள்ளி 27. வெள்ளீயம் 34. பிளாட்டினம் 63. தங்கம் 67. ஈயம் 62. அணு கனமாக ஆக ஆக, திரும்பி வரும் துகள்களும் கூடுகின்றன.

கடைசி எண்ணை மறுபடி பாருங்கள். ஈய அணு தங்க அணுவைவிடக் கனமானது. அப்படியானால் ஈயத்துக்கு 67-க்கும் மேல் வந்திருக்க வேண்டும். வந்ததோ 62. வரிசை அழகாக ஏறிக்கொண்டே வந்து கடைசிப் படியில் சறுக்கிவிட்டது. இருட்டில் எண்ணியது இரண்டே பேர். 62-ஐ 69 என்று எழுதியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அவர்கள் 62 என்றே அச்சிட்டார்கள். ஈயம் விதிவிலக்காகத் தோன்றுகிறது, அதில் சிறிது மாசு கலந்திருந்தது காரணமாக இருக்கலாம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டு மேலே போனார்கள்.

ஒரு பழைய தவறு

இந்த இடத்தில் என்னுடைய ஒரு தவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முதலாண்டு மாணவி ஒருவர் கூட்டு ஊசல் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். நீண்ட உலோகச் சட்டம் ஒன்றில் வரிசையாகத் துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையிலும் கத்திமுனையைச் செருகிச் சட்டத்தை ஆடவிட்டு அலைவு நேரத்தை அளக்க வேண்டும். பிறகு நடுவிலிருந்து துளை இருக்கும் தூரத்தையும் அலைவு நேரத்தையும் வரைபடமாகப் போட்டால், இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக ஒரே மாதிரி இரண்டு வளைகோடுகள் கிடைக்கும்.

அந்த மாணவிக்கு அவை ஒரே மாதிரி வரவில்லை. இரண்டும் சேர்ந்து ஒரு பக்கமாகத் தள்ளி விழுந்திருந்தன. “ஸார், மூன்று தடவை எடுத்தேன், இப்படித்தான் வருகிறது” என்றார். நான் வரைபடத்தை அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. “கவனமாக எடுக்கவில்லையம்மா. நாளைக்கு மறுபடி எடுத்து வா” என்றேன். மறுநாள் பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலவே ஒரு வரைபடம் வந்தது. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

கோடை விடுமுறையில் ஆய்வுக்கூடப் பொருள்களைச் சரிபார்க்கும்போது அந்தச் சட்டம் கைக்கு வந்தது. ஒரு முனையில் எப்போதோ யாரோ ஒரு சிறு இரும்புத் துண்டைப் பற்றவைத்திருந்தார்கள். கத்திமுனைமேல் படுக்கவைத்துப் பார்த்தேன். நடுத்துளையில் அது நிற்கவில்லை. ஒரு சென்டிமீட்டர் தள்ளித்தான் சமநிலையில் நின்றது. அதாவது ஈர்ப்பு மையம் நடுவில் இல்லை. முதல் நாள் அந்தப் பெண் கொண்டுவந்த வரைபடம் அதைத்தான் சொல்லியது. அது சரி, கையெழுத்து வாங்கியதுதான் தவறு. அவரைத் தேடிச் சொல்லலாம் என்றால், அதற்குள் அவர் திருமணமாகிப் படிப்பை விட்டுவிட்டார்.

மான்செஸ்டர் கட்டுரையில் ஈயத்துக்கு நேரே அந்த 62-ஐப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வரைபடம் ஞாபகத்துக்கு வருகிறது.

மிளகும் மைதானமும்

மார்ஸ்டனிடம் திரும்புவோம். ஒரு வாரம் கழித்து, ரூதர்ஃபோர்டின் அறைக்குச் செல்லும் படிக்கட்டில் அவரைச் சந்தித்து முடிவைச் சொன்னதாக மார்ஸ்டன் எழுதியிருக்கிறார். பிறகு வேறொரு கதிர்மூலத்தை வைத்து, பிளாட்டினத்தில் மோதும் துகள்களில் எத்தனை திரும்புகின்றன என்றும் கணக்கிட்டார்கள். கிட்டத்தட்ட 8,000 துகள்களுக்கு ஒன்று. டிஷ்யூ தாளைக் குறிபார்த்து பீரங்கிக் குண்டைச் சுட, அது திரும்பி வந்து நம்மையே தாக்கியதுபோல இருந்தது என்று ரூதர்ஃபோர்டு பின்னாளில் ஒப்பிட்டார்.

ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் வந்த அந்தக் கட்டுரையின் தலைப்பில் இரண்டே பெயர்கள்: கைகர், மார்ஸ்டன். கேள்வியைக் கொடுத்த ரூதர்ஃபோர்டின் பெயர் ஆசிரியர் வரிசையில் இல்லை. கட்டுரையைச் சங்கத்துக்கு அனுப்பிவைத்தவர் என்ற அளவில்தான் இருக்கிறது. இது சிறு விஷயம் என்று எண்ணாதீர்கள். மாணவர் செய்த வேலையில் தம் பெயரை முதலில் போட்டுக்கொள்ளும் பெரியவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு.

எட்டாயிரத்தில் ஒன்று ஏன் திரும்புகிறது? இதற்கு விடை காண ரூதர்ஃபோர்டுக்கே ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுகள் பிடித்தன. தேர்த்திருவிழாக் கூட்டத்தில் நடந்து போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடமும் வலமுமாகச் சிறு சிறு இடிகள் படும். வழி கொஞ்சம் கோணும். ஆனால் அந்தச் சிறு இடிகள் எல்லாம் சேர்ந்து உங்களை வந்த வழியே தூக்கி எறிந்துவிடுமா? எறியாது. ஒரு கல்தூணில் நேராக மோதிக்கொண்டால்தான் பின்னால் விழுவீர்கள். அணுவுக்குள்ளும் அப்படி ஒரு தூண் இருக்க வேண்டும் என்று ரூதர்ஃபோர்டு முடிவு செய்தார். அணுவின் நிறை ஏறத்தாழ முழுவதும், அதன் ஒருவகை மின்னூட்டம் முழுவதும் நடுவில் மிகச் சிறிய இடத்தில் திரண்டிருக்கிறது. மற்றதெல்லாம் பெரும்பாலும் வெற்றிடம். 1911-ல் அவர் இதை வெளியிட்டார். அந்தத் தூணைத்தான் இன்று அணுக்கரு என்கிறோம். ஒரு தங்க அணுவைக் கால்பந்து மைதானம் அளவுக்குப் பெரிதாக்கினால், அதன் நடுவே அணுக்கரு ஒரு மிளகு அளவுதான் இருக்கும்.

கைகரும் மார்ஸ்டனும் மறுபடி இருட்டறைக்குள் போனார்கள். ரூதர்ஃபோர்டின் கணக்கு சரிதானா என்று 5 டிகிரியிலிருந்து 150 டிகிரி வரை ஒவ்வொரு கோணமாக அளந்தார்கள். 1913-ல் அந்த முடிவுகளை வெளியிட்டபோது, மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஒளிப்பொறிகளை எண்ணியிருந்தார்கள். கண்ணால், ஒவ்வொன்றாக!

மார்ஸ்டன் 1915-ல் நியூசிலாந்துக்குப் பேராசிரியராகச் சென்றார். முதல் உலகப் போரில் அவர் பிரிட்டிஷ் பக்கமும் கைகர் ஜெர்மன் பக்கமுமாக எதிரெதிர்ப் படைகளில் பணியாற்ற நேர்ந்தது. ஒரே மைக்ராஸ்கோப்பில் மாறி மாறிக் கண் வைத்தவர்கள்! மார்ஸ்டன் பிறகு நியூசிலாந்தின் அரசு விஞ்ஞான ஆராய்ச்சித் துறைக்குத் தலைவராகி, 1970-ல் மறைந்தார்.

இதைப் படித்துவிட்டு, பட்டப்படிப்பு மாணவர் ஆராய்ச்சி செய்தால் அணுக்கருவே அகப்படும் என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. ரூதர்ஃபோர்டு எதிர்பார்த்தபடி ஒரு துகளும் திரும்பாமல் இருந்திருந்தால், மார்ஸ்டன் ஒரு வாரம் இருட்டில் உட்கார்ந்துவிட்டு ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்திருப்பார். அவர் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அவர் செய்த வேலை அப்போதும் இதே வேலைதான். இப்படிப்பட்ட ‘இல்லை’கள்தான் ஆராய்ச்சியில் மிக அதிகம்.

பட்டப்படிப்பு மாணவர்களுக்கு இத்தகைய வாய்ப்பை முறையாகவே அமைத்துக் கொடுக்கும் இடங்கள் இன்று உண்டு. அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1969-லேயே இதற்கென ஒரு திட்டம் தொடங்கியது. நம் நாட்டில் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து, கல்லூரி மாணவர்கள் கோடை விடுமுறையில் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் இருந்து வேலை செய்ய உதவித்தொகை கொடுத்துப் பல ஆண்டுகளாக நடத்திவருகின்றன. சிறிய ஊர்க் கல்லூரிகளிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். நீங்கள் கல்லூரிக்குப் போனதும் ஆசிரியரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால், தெரிந்துகொண்டு வந்து அவருக்குச் சொல்லுங்கள். நான் உள்பட ஆசிரியர்கள் பலர் அப்படித்தான் தெரிந்துகொண்டோம்.

அந்தக் கூட்டு ஊசல் சட்டம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பழுதான பொருள் என்று எழுதி ஒதுக்கிவிடலாமா என்று ஆய்வக உதவியாளர் அந்தக் கோடையிலேயே கேட்டார். வேண்டாம் என்றேன். இரும்புத் துண்டின்மேல் கறுப்புச் சாயம் அடித்து, மற்றச் சட்டங்களோடு சேர்த்தே அதை வைத்திருக்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் அது யாராவது ஒருவர் மேசைக்குப் போகும். யாருக்குப் போகிறது என்று எனக்கும் உதவியாளருக்கும் மட்டும்தான் தெரியும். பெரும்பாலும் அழகான வரைபடமே வருகிறது. சென்ற ஆண்டு ஒரு பையன் மட்டும் சட்டத்தையே தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டான்.